அணில் நாளில் வரும் நரி

என் அண்ணன் டூயியின் கழுத்தில் துண்டைக் கட்டிவிட்டு, நாடீன் அண்ணி கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷனின் மோவாயை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று தவம் கிடப்பவள் அவள்.

தாடி போகக் காரணம், கழுவுதொட்டிக்குப் பக்கத்துப் பலகையில் மல்லாந்து கிடந்த அணில்.

அதன் உடம்பில் ஒரு ஓட்டைகூட இல்லை.

அண்ணன் அதைப் புரட்டிப் பார்த்தான். ரோமத்தை ஊதி ஊதிப் பார்த்தான். காதுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டான்.

"நல்லாப் பாத்துக்க மச்சான், அப்புறம் குறை சொல்லக் கூடாது," என்றார் என் கணவர் வெர்லின்.

வெர்லினிடம் இருப்பது சிக்கிமுக்கிக் கல் உரசி வெடிக்கிற பழைய நீளத் துப்பாக்கி. பட்டாணி அளவு ஈயக்குண்டுதான் போடுவார். அதுவும் அணிலைச் சுடமாட்டார். அது குந்தியிருக்கும் கிளையில், வயிற்றுக்கு நேர் கீழே, பட்டையைப் பார்த்துச் சுடுவார். பட்டை தெறிக்கும் அதிர்ச்சியிலேயே அணில் விழுந்துவிடும், கறியில் ஒரு கீறல் இருக்காது. எங்கள் கென்டக்கி மலையில் அந்தக் காலத்து ஆட்கள் இப்படித்தான் சுட்டார்களாம்.

"சுத்தப் புருடா," என்று வருஷா வருஷம் சொல்லிவந்தான் அண்ணன். இந்த வருஷம் அது பந்தயத்தில் போய் நின்றது. ஓட்டை இல்லாமல் அணில் விழுந்தால் அண்ணனின் தாடி. விழாவிட்டால் துப்பாக்கி சுவரோடு சரி, இனி வெர்லின் அதைத் தொடக்கூடாது.

அந்தத் துப்பாக்கியைச் சுவரில் மாட்டினால் கூடவே வெர்லினையும் மாட்டிவிட வேண்டியதுதான். மற்ற நாளெல்லாம் நாலு பேர் முன்னால் வாயே திறக்காத மனுஷன், அணில் வேட்டை தொடங்கும் அந்த ஒரு நாளில் மட்டும் ராஜா. காட்டிலிருந்து வந்து, துப்பாக்கிக் குழலைத் துடைத்துக்கொண்டே விசிலடிப்பார். வேறு எந்த நாளிலும் அவர் விசிலடித்து நான் கேட்டதில்லை.

காலையில் அண்ணனும் கூடவே போய்க் கண்ணால் பார்த்தான். பொறி பறந்தது, புகை கிளம்பியது, அப்புறம் வெடித்தது. புகை விலகியதும் ஹிக்கரி மரக் கிளையில் பட்டையைக் காணோம், அணில் கீழே கிடந்தது.

வழக்கமாக அணிலைப் பின்வாசல் வாளியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தோல் உரிப்பது, சமைப்பது எல்லாம் என் பாடு. ரத்தத்தைப் பார்த்தால் வெர்லினுக்குத் தலை சுற்றும். இன்று சோதனை போடவேண்டும் என்று அணிலை நேரே உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவேயில்லை.

என் சமையலில் மட்டும் அண்ணன் குறை சொன்னதில்லை. அவன் சுடும் அணிலில் கறியைவிடச் சிதறுகுண்டுதான் அதிகம். அதைக் கடித்து ஒரு கடைவாய்ப் பல்லே போயிருக்கிறது. "உன் வீட்டு அணில்ல குண்டும் இல்ல, எலும்பும் இல்ல லோரீன்," என்று மாவு உருண்டை மிதக்கும் குழம்பைக் கிண்ணம் கிண்ணமாக உள்ளே தள்ளுவான்.

அந்த வேட்டை நாளில் வெர்லினுக்கு ஒரே ஒரு வருத்தம்தான். வருஷா வருஷம் அன்றைக்குப் பார்த்துக் கூண்டில் ஒரு கோழி காணாமல் போகும்.

"நான் காட்டுக்குப் போற நேரம் பாத்து வருது, கள்ள நரி," என்று பல்லைக் கடிப்பார் வெர்லின். இன்று சாயங்காலம் இதே துப்பாக்கியோடு கூண்டருகே காவல் இருப்பதாக முடிவு. துணைக்கு அண்ணன்.

அடுப்புச் சூடு தாங்காமல் ஜன்னலைத் திறந்தேன்.

சரக். அண்ணனின் இடப்பக்கத் தாடி தரையில் விழுந்தது. அண்ணி குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

அப்போதுதான் அணிலின் வால் அசைந்தது.

கைக்குக் கிடைத்த பீங்கான் கிண்ணத்தை எடுத்து அதன்மேல் கவிழ்த்தேன்.

"என்ன லோரீன்?"

"ஈ மொய்க்குது."

கிண்ணம் தானாக நகர ஆரம்பித்தது. பலகையின் ஓரம்வரை போனது. நான் பிடிப்பதற்குள் கீழே விழுந்து சுக்குநூறானது. அணில் திரைச்சீலையில் ஏறி, அங்கிருந்து அண்ணனின் தலைக்குத் தாவி, மிச்சமிருந்த பாதித் தாடியில் ஒரு கணம் தொங்கி, ஜன்னல் வழியாகப் போயே போய்விட்டது.

"உசுரோட இருக்கு! பந்தயம் செல்லாது!" அண்ணன் பாதி முகத்தோடு குதித்தான்.

"விழுமா விழாதான்னுதான் பந்தயம். சாகணும்னு யாரு சொன்னா?" என்றார் வெர்லின். ஆனால் குரல் இறங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினார். "இதுவரைக்கும் ஒண்ணுகூட எந்திரிச்சதில்லையே?"

நான் கிண்ணத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்ப இன்னைக்குச் சாப்பாடு இல்லையா?" என்றாள் அண்ணி.

அண்ணன் மூக்கை உறிஞ்சினான். அடுப்பில் இருந்த பாத்திரத்தின் மூடியைத் தூக்கினான். மாவு உருண்டைகள் பதமாக வெந்து மிதந்துகொண்டிருந்தன.

"அணில் இப்பத்தானே ஓடுச்சு. அப்ப இதுக்குள்ள கொதிக்கிறது என்ன?"



வெர்லின் ஜன்னலுக்குப் போனார். கோழிக்கூண்டையே பார்த்தபடி நின்றார். உதடுகள் அசைந்தன. கோழிகளை எண்ணுகிறார்; இன்றைக்கும் ஒன்று குறையும். இனி இந்த வீட்டில் விசில் கேட்காது என்றே நினைத்தேன்.

திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் சாப்பாட்டுக் கிண்ணத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"சாயந்திரம் நீ காவலுக்கு வரவேணாம் மச்சான்," என்றார். "அந்த நரி இருந்துட்டுப் போகட்டும்."