சிக்னல்

"குறை எங்கிட்டதாம்மா இருக்குது" என்று பூபதி சொன்னதும், காவேரிப்பட்டினத்திலிருந்து பெண் கொடுக்க வந்தவர்கள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்கள்.

சமையற்கட்டில் நின்ற தமிழ்செல்விக்கு உடம்பு கூசியது. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தையில்லை. புருஷனுக்கு இன்னொருத்தியைக் கட்டிவைக்கச் சம்மதித்தவளே அவள்தான்.

"போன வருசம் ஓசூர்ல பாத்தப்ப உயிரணு எண்ணிக்கை நல்லா இருக்குதுன்னாங்களேடா?" என்றாள் அவன் அம்மா நாகம்மாள்.

"எண்ணிக்கை இருக்குதும்மா. கருமுட்டைகிட்டருந்து வர்ற சிக்னல் அதுங்களுக்குள்ள போகமாட்டேங்குதாம். அதனால அதுங்க முட்டைகிட்டப் போய்ச் சேராதாம். மருந்தும் கெடையாதாம்."

"ஏன்டா, அதென்ன செல்போனா, டவர் கெடைக்காம போறதுக்கு?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா எழுந்து பூபதியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்டாட்டி மானத்துக்காகப் பழியைத் தன்மேல போட்டுக்கற மனுசனை எங்க பாக்க முடியும்? என் பொண்ணு குடுத்து வச்சவ மாப்ளே!"

தட்டு மாற்றத் தொடங்கினார்கள். பூபதி சமையற்கட்டுக்குள் வந்தான்.

"எனக்காக எதுக்குங்க இப்படிப் பொய் சொல்றீங்க?" என்று அழுதாள் தமிழ்செல்வி.

"பொய்யில்ல செல்வி. உங்கிட்டகூடச் சொல்லாம நேத்து பெங்களூர் போயிருந்தேன். டாக்டர் சொன்னதைத்தான் அப்படியே சொன்னேன். நீயாச்சும் நம்புவேன்னு நெனச்சேன்."

அவன் முகத்தைப் பார்த்தாள். மறுகணம் கூடத்துக்கு ஓடினாள்.

"தட்டை மாத்தாதீங்க! அவரு சொல்றது நெசந்தான். குறை அவருக்குத்தான்!"

நாகம்மாள் சம்பந்தியிடம் திரும்பினாள்.

"பாத்தீங்களா? எம்மவன் பெருந்தன்மையாச் சொன்னதையே புடிச்சுக்கிட்டு, பழியை அவன் தலையிலயே போடறா!"