முபீன் ஓடாவியின் தூசு மெசின்

அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, பூட்டிக் கிடந்த தச்சுப் பட்டறைக்குள் முபீன் ஓடாவி மறுபடியும் வேலையைத் தொடங்கிவிட்டார்.

குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த றாஹிலாவின் கை அப்படியே நின்றது. கணவர் முபீனை அடக்கி, நாற்பதாம் கத்தமும் ஓதி முடிந்துவிட்டது. பட்டறைத் திறப்பு அவளுடைய இடுப்பில்தான் தொங்குகிறது. ஆனாலும் வளவின் மூலையில் தூசு மெசின் இரைந்துகொண்டிருந்தது. மருதமுனைத் தறிச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த காது அவளுடையது. எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில் அதற்குப் பிழை வராது.

அந்த மெசினைப் பூட்டியதே அவளுக்காகத்தான். பலகை அரியும் தூள் பறந்து வந்து, அவள் காயப்போட்ட கொச்சிக்காயிலும் உடுப்பிலும் படியும். "உங்கட தேக்கந்தூளத்தான் நாங்க சோத்தோட திங்கிற," என்று ஒருநாள் ஏசிவிட்டாள். அடுத்த கிழமையே தூளை உறிஞ்சி எடுக்கும் இந்த மெசினைக் குழாயும் பையுமாகக் கொண்டுவந்து பூட்டினார். அரியும் மெசினைப் போட்டால் இது கூடவே எழும்பும். அதை நிறுத்தினால் கொஞ்சம் பொறுத்து இதுவும் அடங்கும்.

"சுவிட்ச் போட மறக்கிற ஆள் நான். அதுதான் இப்பிடிச் செய்தன்," என்று சிரித்தார். "இந்த லைனில எது கரண்ட இழுத்தாலும் இவர் எழும்பிருவார், புள்ள."

இப்போது அரியும் சத்தம் இல்லை. இது மட்டும் எழும்புகிறது. சில நாள் காலையில், சில நாள் லுஹருக்குப் பிறகு. ஒருநாள் துணிந்து திறந்து பார்த்தாள். உள்ளே ஒருவரும் இல்லை. நிலத்தில் கிடந்த ஒரு மரச்சுருள் மட்டும், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல, குழாய் வாயை நோக்கி மெல்ல உருண்டு போனது.

கணவர் மவுத்தான பின் இத்தாவில் ஒதுங்கி இருப்பவள் வெளி ஆண்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்ல முடியாது. மதிலுக்கு அப்பால் நோயாளி உம்மாவோடு தனியாக இருக்கும் லைலாவிடம்தான் கேட்டாள்.

"உங்களுக்கும் அந்தச் சத்தம் கேக்குதா, லைலா?"

லைலா தலையைக் குனிந்தாள். "ஓம் ராத்தா, கேக்குது. பயப்படாதீங்க, அது ஒண்டும் செய்யாது." அதற்கு மேல் கதைக்காமல் உள்ளே போய்விட்டாள்.

இவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்தபோது றாஹிலாவுக்கு உடம்பு சில்லிட்டது. யாருக்காவது சேர வேண்டிய ஹக்கைக் கொடுக்காமல் போய்விட்டாரா இந்த மனிசன்? கபுறில் நிம்மதி இல்லாமல்தான் வந்து வந்து போகிறாரா? ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவருக்காக யாசீன் ஓதினாள். மெசின் அடங்கவில்லை.

இன்று தம்பி நஸீம், இறக்காமத்தில் வயல் வெட்டு வேலையையும் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான்.

"மவுத்தானவங்க திரும்பி வாறல்ல, ராத்தா," என்றான். "எலி வயரக் கடிச்சிருக்கும்."

"இந்தா, இரையுது. போய் உன்ட எலியப் பாரு."

திறப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனவன், போன வேகத்திலேயே திரும்பி வந்தான்.

"என்ன ஓடி வாறாய்? எலி கடிச்சிட்டா?"

நஸீம் சிரிக்கவில்லை. "அரியிற மெசின்ட வயரு கழட்டிக் கிடக்கு, ராத்தா. ஒண்டுமே ஓடல்ல. இது மட்டும் ஓடுது. பட்டறைட மெயின நிப்பாட்டுவம். நாளைக்கு எல்லாத்தையும் கழட்டி ஆருக்காவது குடுத்துருவம்."

"அவர்ர கையால பூட்டினதுடா."

"மச்சான் நிம்மதியாக் கிடக்கணுமா, வேணாமா?"

றாஹிலா இரைச்சல் வந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையசைத்தாள். நஸீம் பட்டறைக் கதவோரத்து மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தான்.

மெசின் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. வளவு முழுவதும் அமைதியானது.

"போய்ட்டு வாங்க," என்று மெல்லச் சொன்னாள் றாஹிலா. அவள் கண் நிறைந்திருந்தது.

அந்த அமைதிக்குள், மதிலுக்கு அப்பால் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அதன் பின்னால் லைலாவின் குரல்.

"ராத்தா, கரண்டப் போடுங்க. அல்லாவுக்காகக் கெதியாப் போடுங்க, ராத்தா."

நஸீம் மரமாக நின்றான். றாஹிலாதான் அவனை விலக்கிவிட்டுச் சுவிட்சை மேலே தள்ளினாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது; கேட்டவளின் குரல் அப்படி இருந்தது. தூசு மெசின் மறுபடியும் இரையத் தொடங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து மதிலுக்கு மேல் லைலாவின் முகம் தெரிந்தது. முக்காடு நழுவியிருந்தது. முகமெல்லாம் வேர்வையும் கண்ணீரும். பட்டறை லைனிலிருந்து பிரிந்து, கூரைக்கு அடியால் மதிலைத் தாண்டித் தன் வீட்டு ஜன்னலுக்குள் போகும் கறுப்பு வயரைக் கையால் காட்டினாள்.

"ஆருக்கிட்டயும் சொல்லப்படாதெண்டு முபீன் காக்கா சத்தியம் வாங்கினார். எங்கட ஊட்டுக்கு இன்னும் கரண்ட் தரல்லதானே, ராத்தா." ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்து மூச்சு விட்டாள்.

"உம்மாக்கு மூச்சு விட ஒட்சிசன் குடுக்கிற மெசின், காக்கா தந்த கரண்டிலதான் ஓடுது."