தீப்பெட்டியில் மூன்று பற்கள்

"இது உன் பையன் பல்லே இல்ல கமலவேணி. உண்மையச் சொல்லு, யாரோடது?"

நர்ஸ் கிரேஸி தீப்பெட்டியைத் திறந்து நீட்டினாள். உள்ளே பஞ்சின் மேல் மூன்று பற்கள் இருந்தன. கமலவேணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் இருந்த தெரு அது. 1983, மே மாத வெயில். சில பிள்ளைகள் ஏன் ஓரிடத்தில் உட்கார முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள் என்று டாக்டர் சாந்தகுமார் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகளுக்கு விழுந்த பால் பற்களை வீடு வீடாகப் போய் வாங்கி வருவது கிரேஸியின் வேலை. பல்லைப் பொடி செய்து அதில் ஈயம் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தாய்மார்களைக் கூட்டி மீட்டிங் போட்டு இதைச் சொல்லியிருந்தாள் கிரேஸி. கொடுக்கும் பல்லுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு நோட்டு.

மற்ற வீடுகளில் ஒரு பல் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "கூரை மேல போட்டாத்தான் மறுபல்லு மொளைக்கும் சிஸ்டர்" என்று கதவைச் சாத்துவார்கள். கமலவேணி மட்டும் கேட்பதற்கு முன்பே தீப்பெட்டியோடு வாசலில் நிற்பாள்.

முந்தின நாள் ரிஜிஸ்டரைப் புரட்டிய டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஒரு மாசத்துல ஒரே பையனுக்கு ஆறு பல்லா? பால் பல்லு மொத்தமே இருபதும்மா! பிஸ்கட்டுக்காகத் தெருப் பசங்க பல்லையெல்லாம் பொறுக்கிக் குடுக்குது அந்தம்மா. போய் விசாரி. பொய்யின்னா பேரை அடிச்சிடு."

கிரேஸிக்கும் அப்படித்தான் பட்டது. தானாக விழுந்த பால் பல்லின் அடியில் வேரே இருக்காது, சின்னத் தொப்பி மாதிரி இருக்கும். கமலவேணி கொடுத்ததில் முதல் பல் மட்டும்தான் அப்படி. மற்றவை எல்லாம் நீள வேரோடு இருந்தன. யாரோ பெரிய பிள்ளைகளுடைய பல்லாகத்தான் இருக்க வேண்டும்.

"பொய்யின்னா உன் பையன் பேரை அடிச்சிடச் சொல்லிட்டாரு டாக்டர்" என்றாள் கிரேஸி.

"பேரை மட்டும் அடிச்சிடாதீங்க சிஸ்டர்." கமலவேணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜூன்ல அடங்கி உக்காந்தா சேத்துக்கறேன், இல்லனா அப்பன் கூட தோல் ஷாப்புக்கே அனுப்பும்மான்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு. ஏழு வயசுப் புள்ள. தோல ஊறவெக்கற அந்த சுண்ணாம்புத் தொட்டியாண்ட போய் நிக்கறதா?"

"அதுக்கு ஊரான் வூட்டுப் பல்லக் குடுத்தா இவன் அடங்கிடுவானா?"

"இன்னா சிஸ்டர் இப்டி சொல்றீங்க? நல்லா அடங்கிட்டான். நீங்களே பாருங்க."

பக்கத்து வீட்டு சகீனா கையில் முறத்தோடு எட்டிப் பார்த்தாள். "ஆமா சிஸ்டர். இந்தத் தயாளன் என் வூட்டு ஓட்டு மேல ஏறி எத்தினி ஓடு ஒடச்சான்! பேஜாரு புடிச்ச புள்ள. இப்ப இருக்கற எடமே தெரியல. இன்னா மாத்திரை அது? எங்க வூட்டுக்காரருக்கும் ரெண்டு குடுங்க, வாய மூடிக்கினு கெடக்கட்டும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். கிரேஸிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆராய்ச்சியில் எந்தப் பிள்ளைக்கும் இதுவரை ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லை.

வீட்டுக்குள் இருட்டாக இருந்தது. போன மாதம் கிரேஸியின் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு தெருமுனை வரை ஓடியவன் தயாளன். இப்போது மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவள் கூப்பிட்டதும் தலையை மட்டும் திருப்பினான்.

"இந்தாடா கண்ணு, பிஸ்கட்டு."

வாங்கினான். தின்னவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"தயாளா, இந்தப் பல்லெல்லாம் உன்னுதா? பயப்படாம சொல்லு."

அவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். அம்மாவைப் பார்த்தான். பார்த்தபடியே பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"சிஸ்டருக்கு நம்பிக்கை இல்லடா. வா, வெளிச்சத்துல வாயக் காட்டு."

கமலவேணி அவனை வாசல் பக்கம் இழுத்து வந்து மோவாயைப் பிடித்துத் தூக்கினாள். அவன் மெல்ல வாயைத் திறந்தான்.

முன்பக்கம், பின்பக்கம் என்று அங்கங்கே குழி. மூன்று இடத்தில் ரத்தம் இன்னும் காயவில்லை.

"ஐயோ, கர்த்தரே! யாரு செஞ்சது இத?"

"அவங்கப்பாதான். தோல் ஷாப்லருந்து கொறடு கொண்டாந்தாரு. நான் தலையப் புடிச்சிக்கினேன். அந்த மனுசன் அழுதுக்கினேதான் புடுங்கினாரு சிஸ்டர்."

கிரேஸி தீப்பெட்டியை மூடினாள். "ஏன்... ஏன் இப்டிப் பண்ணீங்க?"

கமலவேணி அவளைப் புரியாமல் பார்த்தாள்.

"நீங்கதானே மீட்டிங்ல சொன்னீங்க? ஈயம் போய் பல்லுல தங்கிடுது, அதான் புள்ளைங்கள ஆட்டி வெக்குதோன்னு?"

மகனின் வாயோரத்தை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை.

"இன்னும் பதினொண்ணுதான் பாக்கி, சிஸ்டர்."