கத்தத் தெரிந்த பெட்டி

எதிர்வீட்டு டெர்வினின் அறையில் மூன்று ஆம்ப்ளிஃபயர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பெண் பார்க்க வந்தவனைப் போல நான் எதிரே நாற்காலியில்.

ஒன்றைத்தான் எடுக்க முடியும். அதற்கு மேல் என் பென்ஷனும் ஒத்துக்கொள்ளாது, இடுப்பும் ஒத்துக்கொள்ளாது.

பத்து மணிக்கு ஜீப் வந்துவிடும். சாயங்காலக் கப்பலில் டெர்வின் தீவை விட்டு ஒரேயடியாகச் சென்னைக்குப் போகிறான். அவன் போய்விட்டால் மரைன் ஹில்லில் ஹெவி மெட்டல் வாசிக்க ஆள் கிடையாது. தப்பான பெட்டியை எடுத்தேனானால் மிச்சமிருக்கிற காலத்தை ஓட்டின மாதிரிதான்.

"யாருக்கு அங்கிள், பேரனுக்கா?"

"எனக்குத்தாண்டா."

அவன் சிரிக்கவில்லை. நான் சொல்வதற்கெல்லாம் சிரித்துச் சிரித்து இந்த மேட்டில் எல்லோருக்கும் அலுத்துப் போய்விட்டது.

ஹெவி மெட்டல் எனக்கொன்றும் புதிதல்ல. சாத்தம் மர மில்லில் முப்பத்தொரு வருஷம் ரம்பத்தின் பக்கத்தில் நின்றவன். ஒருநாள் படாக் மரம் ஒன்றை அறுக்கும்போது உள்ளே ஜப்பான்காரன் காலத்துத் தோட்டா. ரம்பம் பட்டதும் தோட்டாவுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. ஜன்னல் வழியாகப் பாய்ந்து, கடலைத் தாண்டி, எதிர்க்கரை பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெங்காலி பாபுவின் கிளாஸை மட்டும் உடைத்தது. டீ அப்படியே கையில் நின்றது. சாத்தத்திலிருந்தே பார்த்தேன்.

முழுசாகச் சொன்னால் முக்கால் மணி நேரம் ஆகும். இங்கே சுருக்கிவிட்டேன்.

டெர்வின் முதல் பெட்டியில் கிட்டார் ஒயரைச் சொருகினான். சின்னது, புதுசு மாதிரி இருந்தது.

"கத்துக்கிறவங்களுக்கு இது பக்கா அங்கிள். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேக்காது."

வாசித்தான். நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம்."

இரண்டாவது பெரியது. அடித்தொண்டையில் உறுமியது. நெஞ்சுக்கூட்டில் யாரோ பலகை அடுக்குவது போலிருந்தது. வெளியே எங்கள் வீட்டுக் கொடியில் ஒரு துண்டு ஆடியது. அது காற்றாகவும் இருக்கலாம்.

"வேண்டாம்."

"அரே அங்கிள், இங்க பாத்துக் கேளுங்க. அங்க என்ன இருக்கு?"

அங்கே என் வீடு இருக்கிறது. சமையலறை ஜன்னல் சாத்தியிருக்கிறது. அதை அவனிடம் சொல்லவில்லை.

மூன்றாவதைக் காட்ட அவனுக்கே கூச்சமாக இருந்தது. உப்புக்காற்றில் முன்பக்கத்து வலை துருவேறி, ஸ்பீக்கர் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

"இது கராப் ஆயிடுச்சு. நல்லதையெல்லாம் ஷோவுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன், வீட்ல இதை வச்சுத்தான் இழுத்துட்டு இருந்தேன். மனுஷன் கேக்க முடியாது அங்கிள்."

"போடு."

போட்டான். தோட்டாவில் ரம்பம் பட்டதே, அந்தச் சத்தம்.

எதிரே சமையலறை ஜன்னல் படாரென்று திறந்தது.

"டேய் டெர்வின்! நிறுத்துடா பாவி! ஊருக்குப் போற அன்னைக்குமாடா? தலை வெடிக்குதுடா!"

அமுதம். என் மனைவி.

அவன் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். வாய் மூடியது. ஜன்னலும் மூடியது.

"இதுதான்" என்றேன்.

டெர்வின் தலையைச் சொறிந்தான். என்னிடம் கிட்டாரே இல்லையே என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"கிட்டார் வேண்டாம்டா. அந்த ஒயரை மட்டும் கொடு."

ஒயரின் நுனியில் ஆள்காட்டி விரலை வைத்தேன். பெட்டி அலறியது. போதும்.

போன வருஷம் அமுதத்தின் அக்கா தூத்துக்குடியில் சாகக் கிடந்தாள். ஏரோப்ளேன் என்றால் அமுதத்துக்குப் பயம். கப்பல் டிக்கெட் எடுக்க என்னை அனுப்பினாள். வரிசையில் முன்னால் நின்றவன், சாத்தம் மில்லில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டான்.

முக்கால் மணி நேரம். டீ கையில் நின்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் கவுண்டரை மூடியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து, புயலாம், கப்பல் கேன்சல் என்றேன்.

கப்பல் கிளம்புகிற அன்றைக்கு வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அமுதம் அந்தச் சமையலறை ஜன்னலில் நின்றாள். துறைமுகத்தை விட்டுக் கப்பல் வெளியே போவதைப் பார்த்தாள். அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தாள்.

அக்கா அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கவில்லை.

பதினாலு மாசம் ஆகிறது. என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சோறு வரும், மாத்திரை வரும், பேச்சு வராது. அந்த வீட்டில் என் காதில் விழுகிற ஒரே குரல், டெர்வினைத் திட்டுகிற குரல்தான்.

ஜீப் வந்து ஹாரன் அடித்தது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். நல்ல கனம்.

நாளைக்கு டெர்வின் இருக்க மாட்டான்.

நிறுத்தச் சொல்வதற்காவது, என்னைத்தானே அவள் கூப்பிட்டாக வேண்டும்.