லுச்சியாவின் மூன்று தட்டு

இத்தாலியில் ஒரு நகரத்துப் பழைய மாளிகைக் கதவில், வருகிறவர்கள் தட்டுவதற்கென்று ஓர் இரும்பு வளையம் தொங்கியது. அந்த வீட்டுக் கடைக்குட்டி லுச்சியா எப்போதும் மூன்று முறை தட்டுவாள். கேட்டதும் அவள் அம்மா கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவாள்.

பிள்ளைகள் ஊர் ஊராகப் போனார்கள். அம்மாவும் கண்மூடினாள். மாளிகையைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்து, கதவில் "தொடாதீர்கள்" என்று ஒரு பித்தளைப் பலகையை மாட்டினார்கள்.

"இனி உன்மேல் ஒரு கீறல் விழாது," என்றது பலகை.

"விழுந்தால் விழட்டும். கடவுள் கிருபையில் லுச்சியா ஒரு தடவை வந்து தட்டினால் போதும்," என்றது வளையம்.

"கதவுதான் நாள் முழுக்கத் திறந்து கிடக்கிறதே, எதற்குத் தட்டணும்?"

ஒருநாள் நுழைவுச்சீட்டோடு வரிசையில் வந்த நரைத்த தலைக்காரி ஒருத்தி வளையத்தின் பக்கம் கையை நீட்டினாள். அந்தக் கையை வளையத்துக்குத் தெரியும். அதற்குள் அவள் பலகையைப் படித்துவிட்டாள். கையை மெல்ல இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"மரியாதை தெரிந்தவள். யார் அது?" என்றது பலகை.

"இந்த வீட்டுப் பெண்," என்றது வளையம். "தட்டாமல் உள்ளே போவது இதுதான் முதல் தடவை."