ஊசி பிடித்த மாடுகள்

"உன் மாட்டுக்கு ஊசி பிடிக்கவே இல்லடி சாவித்திரி! தடவிப் பாரு, பலகையாட்டம் இருக்குது" என்றாள் பாப்பம்மாள்.

சாவித்திரி தன் பசுவின் கழுத்தை இன்னொரு தரம் தடவினாள். மூன்று நாளைக்கு முன் டாக்டர் மயிர் மழித்து ஊசி குத்திய இடம் வழவழவென்று இருந்தது. பக்கத்துக் கொட்டகையில் பாப்பம்மாளின் மூன்று பசுக்களுக்கும் அதே இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம்.

"ஏங்க்கா இப்படி? ஒரே டாக்டர், ஒரே மருந்துதானே?"

"மருந்து ஒண்ணு. மாடு ஒண்ணா? என்னுது புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் தின்ன உடம்பு. சுருக்குன்னு ஏத்துக்குது. நீ மண்டியில பொறுக்கின கோஸ் இலையைப் போட்டு வளக்கற."

"போக்கா, உனக்கு எப்பவும் கிண்டல்தான்."

பாப்பம்மாள் ரவிக்கைக் கையைச் சுருட்டி, தோளுக்குக் கீழே இருந்த வட்டத் தழும்பைக் காட்டினாள்.

"இதைப் பாரு. பள்ளிக்கூடத்துல அம்மை குத்தினாங்க. மூணு நாள் காய்ச்சல், கை பன்னு மாதிரி வீங்கிப் போச்சு. அந்த வருஷம் எங்க தெருவுல பாதிப் பேரு அம்மையில படுத்தாங்க. என்கிட்ட அண்டலையே! வீங்கினாத்தான் ஊசி பிடிச்சுதுன்னு அர்த்தம்."

"அப்ப எனக்குக் காகிதம் கிடைக்காதா?"

காகிதம்தான் இருவருக்கும் பிரச்சினை. தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து, டெல்லி முனிர்காவில் அடுத்தடுத்து மாட்டுக் கொட்டகை போட்டவர்கள் அவர்கள். சரோஜினி நகரில் காமாக்ஷி அம்மாள் நடத்தும் குழந்தைகள் காப்பகத்துக்கு ஒன்றாம் தேதியிலிருந்து பால் வேண்டும். மாட்டு டாக்டர் டி.பி. ஊசி போட்டு, மூன்றாம் நாள் வந்து பார்த்துச் சான்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் வாங்குவேன் என்று அந்த அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அந்த ஆர்டர் கிடைத்துவிட்டால், கேனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஃபிளாட்டாக நாலு மாடி ஏற வேண்டாம். பாப்பம்மாளின் முழங்கால் இன்னொரு டெல்லிக் குளிரைத் தாங்காது.

"மூஞ்சியைத் தொங்கப் போடாத. ஆர்டர் எனக்கு வந்ததும், அடுத்த தடவை உன் மாட்டுக்கு ஊசி பிடிக்கிற மாதிரி அக்கா பாத்துக்கறேன், அச்சா?"

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. டாக்டர் ஆல்பர்ட் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார்.

"வாங்க டாக்டர் சார்! மொதல்ல அவளுதைப் பாத்துடுங்க. ஜல்தி முடிஞ்சிடும். அங்க பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல!"

தோலை மடித்து அளக்கும் இடுக்கியால் டாக்டர் சாவித்திரியின் பசுவை அளந்தார். நோட்டைப் புரட்டிப் பழைய அளவோடு ஒப்பிட்டார்.

"ஆமா, ஒண்ணுமே இல்ல."

"நான் சொன்னேன்ல!" என்று பாப்பம்மாள் சாவித்திரியை இடித்தாள்.

டாக்டர் அடுத்த கொட்டகைக்குப் போனார். முதல் பசுவை அளந்தார். இரண்டாவதை அளந்தார். மூன்றாவதை அளந்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதல் பசுவிடமே வந்தார்.

"எப்படி சார்? மூணும் பக்காவா இருக்குல்ல?"

"இருமல் இருக்காம்மா?"

"எனக்கா?"

"மாட்டுக்கு."

"ஒரு நாளைக்கு முப்பது லிட்டர் கறக்குது சார் மூணுமா சேந்து. இருமறதுக்கு அதுங்களுக்கு ஏது நேரம்?"

சாவித்திரிகூடச் சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"தீனி ஒழுங்கா எடுக்குதா?"

"விட்டா கயித்தையும் சேத்துத் தின்னுரும். ஏன் சார் போலீஸ்காரராட்டம் கேக்கறீங்க?"

"அம்மா, நான் போட்டது தடுப்பூசி இல்ல."

"டி.பி. ஊசின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"டி.பி. வராம இருக்கப் போடுற ஊசி இல்லம்மா. இருக்கான்னு கண்டுபிடிக்கிற ஊசி. நல்ல மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. நோய் உள்ள இருந்தாத்தான் குத்தின இடம் வீங்கும்."

பாப்பம்மாள் திரும்பித் தன் மூன்று பசுக்களின் கழுத்தையும் பார்த்தாள்.

டாக்டர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவித்திரியிடம் கொடுத்தார். இன்னொரு காகிதத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். குரல் இறங்கியிருந்தது.

"இந்த மூணையும் இன்னிக்கே தனியா கட்டிடுங்க. இனிமே இதுங்க பாலை யாருக்கும் ஊத்தக் கூடாது. நல்லா வளத்திருக்கீங்க, எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பச்சைக் குழந்தைங்க குடிக்கிற பால். நான் வேற மாதிரி எழுத முடியாது."

"அக்கா..." என்று சாவித்திரி அவள் தோளைத் தொட்டாள்.

அந்தக் கையை உதறிவிட்டுப் பாப்பம்மாள் பாய்ந்து டாக்டரின் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதாதீங்க சார்! நேத்து சாயங்காலம் வரைக்கும் ஒரு மாட்டுக்கும் ஒரு வீக்கமும் இல்ல. பிடிக்காமப் போச்சேன்னு நான்தான் தோபிகிட்ட துணிக்குக் குறி போடற சேராங்கொட்டை வாங்கிச் சுட்டு, அந்த எண்ணெயை மூணு கழுத்துலயும் தடவி வீங்க வெச்சேன்!"