பல் வைத்த இரும்பு

பரணில், ஓட்டை வாளிக்கு அடியில், துணியில் சுற்றிய ஒரு இரும்பு வட்டம் சூப்பர்வைசர் கையில் சிக்கியது. ஓரமெல்லாம் பல் பல்லாக இருந்தது. ரிட்டயர் ஆன மனுஷனுக்கு வேறென்ன வேலை? "இது என்னன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்காது" என்று கிளம்பிவிட்டார்.

"தையல் மெஷினோடதுங்க. தூரப் போடுங்க" என்றாள் மனைவி, கழுத்தைக்கூடத் திருப்பாமல்.

வீட்டில் தையல் மெஷினே கிடையாது.

மச்சான் நொண்டிக்கொண்டே வந்து பார்த்தார். "சுவர்க் கடிகாரத்தோடது மாப்ளே. வீட்ல வச்சா ஆகாது."

பக்கத்து வீட்டு டீச்சர் கோணல் கையை நீட்டி வாங்கினார். "கிணத்து உருளை சார், சந்தேகமே இல்ல."

'தெருவுக்கே மூளை இல்லை' என்று தலையில் அடித்துக்கொண்டு சூப்பர்வைசர் மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் நெற்றித் தழும்பைத் தடவினார். "மாவு மில்லோடது சார். குடுங்க, நானே வீசிடறேன்."

பஞ்சர் ஒட்ட வந்திருந்த புதுக் குடித்தனக்காரர் சும்மா இருக்கக் கூடாதா? "என்ன சார், பைக் கிக்கரோட பல்சக்கரம் இது! இது இல்லாட்டி எத்தனை உதை உதைச்சாலும் வண்டி கிளம்பாதே!"

மூன்று வருஷமாகக் கிளம்பாத தன் பைக்கை நினைத்து சூப்பர்வைசர் பூரித்துப்போனார். "தம்பி, மாட்டினதும் முதல் சவாரி உங்களுக்குத்தான். போற வழியில இறக்கி விடறேன்!"

மெக்கானிக் புதியவர் காதைக் கடித்தார்: "சொன்ன சொல் தவற மாட்டாருங்க. எங்க எல்லாரையும் போற வழியிலதான் இறக்கி விட்டாரு. என்னைச் சாக்கடையில, டீச்சரை வேலியில, மச்சானைப் பள்ளத்துல. அவரு சம்சாரத்துக்கு இன்னும் கழுத்து திரும்பல."